ஊருக்கு உபதேசம் கிடையாது... முதலில் உனக்கு! - மனநல நிபுணர்களையே மாணவர்களாக்கிய மார்ஷாவின் கதை

அது ஒரு பயிற்சி வகுப்பு. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பெரிய படிப்பு படித்தவர்கள். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள். குறிப்பெடுக்க நோட்டும் பேனாவுமாக வந்தவர்களுக்கு முன்னால் ஒரு பாத்திரம் நிறைய ஜில் தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனைகிற மாதிரி முகத்தை அதில் முக்க வேண்டும். அரை நிமிடம் அப்படியே இருக்க வேண்டும்.

'இதை நாம பேஷன்ட்டுக்குத்தானே சொல்லித் தரணும்? நாம எதுக்குச் செய்யணும்?' என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். முதலில் உங்கள் முகம் நனையட்டும் என்பதுதான் இந்தப் பயிற்சி சொல்லும் பதில்.

முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு, மூச்சும் நின்றால், இதயத் துடிப்பு தானாகவே குறையும். நீருக்குள் மூழ்கும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எந்த அறிவுரையும் காதில் ஏறாது. உடம்பைக் கொஞ்சம் குளிர வைத்தால் மனதோடு பேச ஓர் இடைவெளி கிடைக்கும். (இதய நோய் உள்ளவர்களும், உணவு உண்பது தொடர்பான மனநலப் பிரச்னை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.)

இந்தச் சிகிச்சை முறையின் பெயர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. சுருக்கமாக டி.பி.டி. திரும்பத் திரும்பத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்கள், எந்நேரமும் சாவைப் பற்றியே நினைப்பவர்கள், சின்ன ஏமாற்றம்கூட சுனாமியாகத் தாக்கும் மனம் கொண்டவர்கள்... இவர்களுக்காக உருவானது. இதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் ஏன் முதலில் தங்கள் மேலேயே முயன்று பார்க்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள, இதை உருவாக்கியவரின் கதைக்குள் போக வேண்டும்.

கம்பி ஜன்னல் போட்ட அறை

மார்ஷா லினஹன், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரத்துப் பெண். 1943-ல் பிறந்தவர். அப்பா எண்ணெய்த் தொழிலில் இருந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாவது. நன்றாகப் படிப்பார், பியானோ வாசிப்பார். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

1961-ல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் உள்ள 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங்' மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை அவரால் நிறுத்த முடியவில்லை. அதனால் தனி அறையில் அடைத்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட சிறிய ஜன்னல். அவ்வளவுதான்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். மின்அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். மணிக்கணக்கில் பேச வைத்தார்கள். எதுவும் அவரைத் தொடவில்லை. 26 மாதங்கள் கழித்து, 1963-ல், 20 வயதில் வெளியே வந்தபோது மருத்துவமனை எழுதிக்கொடுத்த அறிக்கையில், அங்கே மிக மோசமான நிலையில் இருந்த நோயாளிகளில் ஒருவர் என்றே அவர் குறிப்பிடப்பட்டிருந்தார்.

அந்த அறைக்குள் இருந்தபோது அவர் தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்துகொண்டார். இந்த நரகத்திலிருந்து நான் வெளியே போவேன். போன பிறகு திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன்!

சத்தியம் செய்வது சுலபம். வழிதான் யாருக்கும் தெரியவில்லை. சிகாகோவுக்குப் போய், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் படித்தார். 1971-ல் லயோலா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் பழைய கதையை மட்டும் வெளியுலகிடம் சொல்லவே இல்லை.

மாறச் சொன்னால் கோபம், ஆறுதல் சொன்னாலும் கோபம்

சியாட்டிலில் அவர் செய்த காரியம் சக ஆய்வாளர்கள் பலர் செய்யத் தயங்கியது. யாராலும் சமாளிக்க முடியாத நோயாளிகள் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள் என்று மருத்துவமனைகளைக் கேட்டார். வந்தார்கள். அப்போதுதான் அவருடைய பாடம் தொடங்கியது.

அன்று பேர்பெற்றிருந்த நடத்தைச் சிகிச்சையைக் கையில் எடுத்தார். பிரச்னையைக் கண்டுபிடி, பழக்கத்தை மாற்று என்பதுதான் அதன் வழி. வந்தவர்கள் கொதித்தார்கள். 'அப்படியானால் தப்பு என் மேல்தானா?' என்பது போலத்தான் அது அவர்களுக்குக் கேட்டது. சரி என்று அதை விட்டுவிட்டு, அன்பாகக் கேட்டு, ஆறுதல் சொல்லி, அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழிக்குப் போனார். அதற்கும் கொதித்தார்கள். 'நான் எரிந்துகொண்டிருக்கிறேன், நீ தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?'

இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பது மெல்லப் புரிந்தது. நீ இப்போது இருக்கிற நிலைக்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம் நீ மாறித்தான் ஆக வேண்டும். எதிரும் புதிருமான இரண்டு உண்மைகளை ஒரே கையில் பிடிப்பது. இதற்கு என்ன பெயர் வைப்பது? பெயர் கிடைத்த கதை சுவாரஸ்யமானது. அவருடைய அலுவலக உதவியாளரின் கணவர் மார்க்சியத் தத்துவத்தில் ஊறியவர். நீங்கள் செய்வது 'டயலெக்டிகல்' என்று அந்த உதவியாளர்தான் எடுத்துச் சொன்னார். நம் ஊர் பொதுவுடைமை மேடைகளில் 'இயங்கியல்' என்று காலங்காலமாகச் சொல்லிவரும் அதே சொல்தான். அது ஒரு மனநலச் சிகிச்சைக்குப் பெயரானது!

சொல்லித் தருவதற்கு முன் தானே கற்றவர்

இதில் மார்ஷாவுக்கே ஒரு சிக்கல் இருந்தது. மாற்றுவது எப்படி என்பதை அவர் படித்திருக்கிறார். ஏற்றுக்கொள்வது எப்படி என்பதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தெரியாததை எப்படிச் சொல்லித் தருவது?

1983-ல் கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு ஜென் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் பேராசிரியர். பிறகு ஜெர்மனிக்குப் போய், கத்தோலிக்கத் துறவியும் ஜென் ஆசிரியருமான வில்லிகிஸ் யேகரிடம் பாடம் கேட்டார். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் தானே மாணவியாக உட்கார்ந்தார்.

திரும்பி வந்தவர், கற்றதை அப்படியே நோயாளிகள் தலையில் ஏற்றவில்லை. மனம் பற்றி எரியும் ஒருவரை மணிக்கணக்கில் கண்மூடி உட்காரச் சொல்ல முடியாது. அதனால் தியானத்தைச் சின்னச் சின்னத் திறன்களாக உடைத்தார். சைக்கிள் ஓட்டக் கற்பது போல, விழுந்து எழுந்து யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள்.

அவை நான்கு வகை. முதலாவது, இந்த நொடியில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது. இரண்டாவது, நெருக்கடி நேரத்தில் நிலைமையை இன்னும் மோசமாக்கிக்கொள்ளாமல் தாக்குப்பிடிப்பது. ஜில் தண்ணீர் இந்த வகை. மூன்றாவது, உணர்வுகளைக் கையாள்வது. பயத்துக்குக் காரணமே இல்லாதபோது பயம் ஓடச் சொன்னால், ஓடாமல் எதிரே நடப்பது. நான்காவது, உறவையும் சுயமரியாதையையும் இழக்காமல் வேண்டியதைக் கேட்பது. முடியாததற்கு 'முடியாது' என்று சொல்வது.

படித்துப் பார்த்தால் 'இதெல்லாம் எனக்கும் வேண்டுமே' என்று உங்களுக்கும் தோன்றுகிறதா? பயிற்சிக்கு வரும் நிபுணர்களும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

வீட்டுப்பாடம் உண்டு, மணியும் உண்டு

டி.பி.டி-யின் முழுமையான தீவிரப் பயிற்சிக்குத் தனி ஆளாகப் போக முடியாது. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் குழுவாகவே சேர வேண்டும். முதலில் ஐந்து நாள் வகுப்பு. பிறகு சில மாதங்கள் ஊருக்குத் திரும்பிக் கற்றதை வேலையில் செய்துபார்க்க வேண்டும். அந்த அனுபவத்தோடு வந்து மறுபடி ஐந்து நாள் உட்கார வேண்டும்.

வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தெரபிஸ்ட்டாகவும் நடித்துப் பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு வருபவர்கள் தினமும் நிரப்பும் குறிப்பு அட்டையைத் தாங்களும் நிரப்பிப் பார்க்கிறார்கள். இன்று எந்த உணர்வு எவ்வளவு வந்தது, எந்தத் திறனைப் பயன்படுத்தினேன் என்று அதில் எழுத வேண்டும். நான்கு நாள் ஒழுங்காக எழுதிவிட்டு ஐந்தாம் நாள் மறந்துபோகும்போதுதான், 'ஏன் அட்டையை நிரப்பவில்லை?' என்று நோயாளியிடம் கேட்ட கேள்வியின் கனம் தெரியும்.

வார்த்தைகளுக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. 'நாடகம் போடுறா', 'கவனத்தை இழுக்கத்தான் இப்படிச் செய்யுறா', 'நம்மளை ஆட்டி வைக்கப் பார்க்குறா' - தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களைப் பற்றி வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் காதில் விழும் பேச்சு இது. டி.பி.டி கற்பவர் வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எதிரே இருப்பவர் இன்றைக்குத் தன்னால் முடிந்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இதைவிட நன்றாகச் செய்யவும் அவர் கற்றாக வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்றால், தோற்றது நோயாளி அல்ல.

எழுதுவதற்கு இது நன்றாக இருக்கிறது. கடைப்பிடிப்பதுதான் கடினம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழும் மனிதர்களோடு வாரா வாரம் உட்காருபவருக்குப் பயம் வரும், எரிச்சல் வரும், 'இவரை வேறு யாரிடமாவது அனுப்பிவிடலாமா' என்ற எண்ணம் வரும். இதில் திறன்களைச் சொல்லிக்கொடுத்து நெருக்கடியைக் கடக்க வைக்கும் தொலைபேசி உதவியும் ஒரு பகுதி. அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம். களைத்துப்போன தெரபிஸ்ட்டின் கையிலிருந்து முதலில் நழுவுவது பொறுமை. அது நழுவினால், அந்தப் பக்கம் இருப்பவரின் பிடியும் நழுவும்.

அதனால்தான் தெரபிஸ்ட்டுகளுக்கே ஒரு சிகிச்சையை மார்ஷா இதற்குள் வைத்தார். குழுவில் உள்ள எல்லோரும் வாரம் ஒருமுறை கூட வேண்டும். அங்கே நோயாளியைப் பற்றிப் புகார் பட்டியல் வாசிக்கக் கூடாது. என் மனதில் என்ன நடக்கிறது என்று பேச வேண்டும். நாம் எல்லோரும் தவறு செய்யக்கூடியவர்கள் என்பது குழுவில் சேரும்போதே ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தங்களில் ஒன்று. கூட்டத்தைக் கவனிக்க ஒருவர் ஒரு சிறிய மணியோடு இருப்பார். யாராவது யாரையாவது தீர்ப்பு எழுதிப் பேசினால், தன் தவறை மூடி மறைத்துப் பேசினால், மணி அடிக்கும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அடிக்கும்.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. 1991-ல் மார்ஷாவின் குழு வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டி.பி.டி பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. மருத்துவமனையில் கழித்த நாள்கள் குறைந்திருந்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் தங்கியவர்களும் அதிகம். 1993-ல் சிகிச்சை நூலும் திறன் பயிற்சிக் கையேடும் வெளிவந்தன. 2006-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். கைதேர்ந்த மற்ற நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், டி.பி.டி பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சி ஏறக்குறைய பாதியாக இருந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் மார்ஷாவைத் துரத்திக்கொண்டே இருந்தது. அவருடைய உடலில் பழைய தழும்புகள் உண்டு. சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் அவற்றைப் பார்த்துவிட்டு, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டார். நானும் கஷ்டப்பட்டிருக்கிறேனா என்று கேட்கிறீர்களா என மார்ஷா மழுப்பப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. எங்களைப் போலவே இருந்தவரா என்றுதான் கேட்கிறேன்; அப்படி இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்றார்.

மற்றவர்களிடம் உண்மையை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஆசிரியை, தன் உண்மையை மறைத்துக்கொண்டிருந்தார். அவர் வகுத்த விதிப்படி பார்த்தால், அந்த மணி அவருக்கும் அடிக்க வேண்டும்.

2011 ஜூன் மாதம், 68 வயதில், அதே ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைக்குப் போனார் மார்ஷா. நண்பர்களும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் நிறைந்திருந்த அரங்கில், 17 வயதில் இங்கே அடைக்கப்பட்டிருந்த பெண் நான்தான் என்று முதல்முறையாகப் பொதுவில் சொன்னார். கோழையாகச் சாக அவருக்கு விருப்பமில்லை.

தான் அடைபட்டிருந்த தனி அறையையும் போய்ப் பார்த்தார். அது எப்போதோ ஒரு சின்ன அலுவலகமாக மாறியிருந்தது. அவர் கண்ணில் பட்டது ஜன்னல். அதை மாற்றியிருக்கிறார்கள், இப்போது எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று கவனித்துச் சொன்னார்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாகப் போராட வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104 ஆகியவற்றை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)