ஸ்டார்ட் கொடுத்து ஆடியவர்

1965ஆம் ஆண்டு இங்கிலாந்து அமெச்சூர் ஸ்னூக்கர் இறுதிப்போட்டியில் பேட்சி ஹூலிஹன் என்ற லண்டன்காரர் ஜான் ஸ்பென்சரை 11–3 என்று அடித்து நொறுக்கினார். தோற்றவர் 1969இல் உலக சாம்பியன் ஆனார். 1971, 1977 என்று மேலும் இரண்டு முறை பட்டம் வாங்கினார். ஜெயித்தவர் தென்கிழக்கு லண்டனின் டெப்ட்ஃபர்டுக்குத் திரும்பி, எப்போதும் போல பில்லியர்ட்ஸ் ஹாலில் பணத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

ஹூலிஹன் 1996இல் காலமாகிவிட்டார். லூக் வில்லியம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகு அவர் பெயர் ஓரளவு பேசப்படுகிறது. ஆளைப் பார்க்க வழியில்லை. அவர் பிழைத்த தொழிலையாவது கிட்டத்தில் பார்ப்போம் என்றுதான் தென்கிழக்கு லண்டனுக்குப் போனேன். லூயிஷமில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். ஈழத்திலிருந்து வந்த நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதி அது, சிவன் கோயிலும் உண்டு. அங்கிருந்து 47ஆம் எண் பேருந்து ஏறினால் டெப்ட்ஃபர்டு.

இன்றைய டெப்ட்ஃபர்டு கடைவீதியில் சேனைக்கிழங்கும் கருவாடும் விற்கிறார்கள். ஆப்பிரிக்கர்களும் வியட்நாம்காரர்களும் கடை போட்டிருக்கிறார்கள். வீதி முனையில் பெரிய நங்கூரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி 1513இல் கப்பல் கட்டும் தளம் தொடங்கிய ஊர் என்பதற்கு அதுதான் அடையாளம். ஹூலிஹன் 1929இல் இங்கே பிறந்தபோது கப்பல் தளம் மூடி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் பக்கத்தில் சர்ரே துறைமுகம் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகக் கூலிக்கு அன்றாடம் காலையில் ஆள் எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சும்மா. இந்தத் தினக்கூலி முறை 1967 வரை நீடித்தது. கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் உள்ள ஆம்பளைகள் கூடும் ஊரில் பில்லியர்ட்ஸ் ஹால் காலியாகக் கிடக்காது.

அந்த ஹால்களைப் பற்றி ஒரு வார்த்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுவிலக்குக்காரர்கள் தென் லண்டனிலும் மான்செஸ்டரிலும் வரிசையாகக் கட்டினார்கள். தொழிலாளி சாராயக்கடைக்குப் போகாமல் இங்கே வந்து டீ குடித்துப் பந்து ஆடட்டும் என்பது கணக்கு. குடியை நிறுத்தினார்களோ என்னவோ, சூதாட்டத்துக்கு நல்ல கூரை போட்டுக் கொடுத்தார்கள். ஃபுல்ஹாமில் அப்படிக் கட்டிய ஒன்று பின்னாளில் மதுக்கடையாக மாறியது. லுக்கானியா என்ற கம்பெனி வேறு, தையல் கடைகளின் மாடிகளைப் பிடித்து மேஜைகளைப் போட்டது. டெப்ட்ஃபர்டு லுக்கானியாதான் ஹூலிஹனின் ராஜ்ஜியம்.

நான் உட்கார்ந்து பார்த்தது அதே வட்டாரத்தில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வேறொரு ஹால். மேஜைக்குத் துணி மாற்ற ஆள் வருகிறது, வேண்டுமானால் வந்து பார் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வந்தார்கள். அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர், அவருடைய மருமகன். முதலில் மேஜை விளிம்பிலுள்ள குஷன்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். பழைய துணியை உரித்ததும் சாம்பல் நிற ஸ்லேட் கல் தெரிந்தது. ஐந்து பலகைகள். ஒரு டன்னுக்கு மேல் எடை வருவதால் கட்டிடத்தின் எந்த உத்தரத்துக்கு மேலே மேஜை நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்றார் மேஸ்திரி. ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகினார். கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் தட்டினால் பந்தும் தட்டும்.

பிறகு துணி. ஸ்னூக்கர் துணியில் மயிர் ஒரு திசையில் படிந்திருக்கும்: ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் பக்கம் நோக்கி. என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து இழுத்துக் காட்டினார். அந்தப் பக்கம் இழுத்தால் வழுக்குகிறது, இந்தப் பக்கம் இழுத்தால் பூனை முதுகை எதிர்த்துத் தடவுவது மாதிரி முரண்டு பிடிக்கிறது. வேகமாகப் போகும் பந்துக்கு இது ஒரு பொருட்டில்லை. மெதுவாக உருளும் பந்து, அதுவும் ஒரு ஓரம் சுழற்றி விட்ட பந்து, மயிரின் போக்குக்கு ஏற்ப வளையும். மேல்நோக்கிப் போகும்போது ஒரு பக்கம் வளைவது, திரும்பி வரும்போது மறுபக்கம் வளையும். நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக ஓட்டும் பந்தில் இது தெரியாதவன் தோற்பான்.

துணியை நான்கு பக்கமும் இழுத்து, கல்லுக்கு அடியிலுள்ள மரச்சட்டத்தில் ஆணி அடித்தார்கள். பாக்கெட் வளைவுகளில்தான் அவருடைய கை வித்தை. ஒரு சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் நீவி நீவிக் கத்தரித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டி, கோடு போட அளவுச் சட்டம். கீழ் குஷனிலிருந்து 29 அங்குலத்தில் பென்சில் கோடு, அதிலிருந்து பதினொன்றரை அங்குல ஆரத்தில் அரைவட்டம். கடைசியில் ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து, கையாலேயே மெல்ல உருட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். கோணவில்லை. மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான் பாராட்டு.

பணத்துக்கு ஆடுகிறவனின் மூலதனமே இந்த மேஜைதான் என்பது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. எந்த மூலை பாக்கெட் தாராளம், எந்த குஷன் செத்துப்போயிற்று, எந்தப் பக்கம் பந்து நூலிழை சரிகிறது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். வெளியூர் ஹாலுக்குப் போனால் முதல் ஒன்றிரண்டு ஃபிரேமை, அதாவது ஆட்டத்தை, சில்லறைக் காசுக்குத் தோற்றபடியே மேஜையைப் படித்துவிடுவான். எதிராளிக்கு அது தோல்வியாகத் தெரியும். ஆடு சிக்கிவிட்டது என்று இவனோடு வந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படித் திறமையை மறைத்துப் பணத்துக்கு ஆடுகிறவன்தான் ஹஸ்லர். அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு சினிமா ஞாபகம் வரும். ஹாலில் இதற்கு ஒரு நிர்வாகமே உண்டு. பணம் போடுகிறவர் ஒருவர். ஆட்டக்காரன் ஜெயித்தால் பங்கு, தோற்றால் நஷ்டம் போட்டவருக்கு. புள்ளி குறிக்கிறவர் ஒருவர். எந்த ஊரில் எவனிடம் பணம் இருக்கிறது, எவனுக்குத் தன் ஆட்டத்தைப் பற்றி மிதப்பு அதிகம் என்று துப்பு சொல்கிறவர் ஒருவர். பேரம் நடப்பது ஸ்டார்ட்டில். பலசாலி தன் எதிராளிக்கு முன்கூட்டியே இருபது, முப்பது புள்ளி தானமாகக் கொடுத்துவிட்டு ஆடவேண்டும். ஸ்டார்ட்டைச் சரியாகப் பேசி முடித்தால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி. ஜெயிப்பதையும் அளந்துதான் ஜெயிக்கவேண்டும். கடைசிக் கறுப்புப் பந்தில் மயிரிழையில் ஜெயித்தால் நாளைக்கும் வருவான். நூறு அடித்து நொறுக்கினால் ஊரே உஷாராகிவிடும்.

ஹூலிஹனின் சங்கடம் இங்கேதான். அவர் அசுர வேக ஆட்டக்காரர். ஒரு பந்து விழுவதற்குள் அடுத்த பந்துக்குக் குனிந்துவிடுகிற ரகம். அப்படி ஆடுகிறவனால் எத்தனை நாளைக்குத் திறமையை ஒளித்து வைக்க முடியும்? தென் லண்டன் முழுக்க முகம் தெரிந்துபோன பிறகு, ஏமாற்றிச் சம்பாதிக்கும் ஹஸ்லராக அவர் இருந்திருக்கவே முடியாது. எல்லாருக்கும் ஸ்டார்ட் கொடுத்து, கண் எதிரே, சொல்லிவிட்டு ஜெயிக்கவேண்டியவராக ஆனார். என் பார்வையில் அது தொழில்முறை ஆட்டத்தைவிடக் கடினம். நாற்பது புள்ளி பின்தங்கித் தொடங்கி, தோற்றால் இரவுச் சாப்பாட்டுக்கு யோசிக்கவேண்டும் என்ற நிலையில் ஆடுகிறவனுடைய நரம்பு எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்!

ஹாலின் மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இளமையில் ஹூலிஹனின் ஆட்டத்தைப் பார்த்தவர். கதை கேட்கப் போனால் அவர் பந்தைப் பற்றியே பேசினார். அன்றைய பந்து கனம், துணியும் போர்வை மாதிரி தடிமன். இன்றைக்குத் தொட்டால் ஓடுகிற தூரத்துக்கு அன்றைக்கு ஓங்கி அடிக்கவேண்டும், ஓங்கி அடித்தால் குறி தப்பும் என்றார். விளக்கு வேறு காசு போட்டால்தான் எரியும். தொடர்ந்து பந்து விழுத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் இருட்டிவிடும். அந்த நிலைமையில் அந்த வேகம் என்பதை இந்தக் காலத்துப் பையன்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்பது அவருடைய குறை.

சரி, இவ்வளவு கெட்டிக்காரர் இளமையிலேயே ஏன் தொழில்முறைக்குப் போகவில்லை? அழைப்பு இல்லை என்பதுதான் பதில். அன்றைய தொழில்முறை ஸ்னூக்கர் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் குடும்பச் சொத்து மாதிரி. ஜோ டேவிஸ் 1927 முதல் 1946 வரை 15 முறை உலக சாம்பியன். தோற்காமலேயே உலகப் பட்டப் போட்டியிலிருந்து விலகினார். ஆனால் ஆட்டத்தை ஆட்டி வைத்தவர் அவர்தான். 1951இல் ரெக்ஸ் வில்லியம்ஸ் உள்ளே வந்தார். அதோடு கதவு சாத்தியாயிற்று. 1955இல் லெஸ்டர் சதுக்க ஹாலை மூடினார்கள். தொழில்முறை ஆட்டத்தின் தலைமைப்பீடம் அது. 1957இல் ஜான் புல்மன் சாம்பியன் ஆன பிறகு 1964 வரை உலகப் பட்டத்துக்குப் போட்டியே நடக்கவில்லை. பிறகும் ஒருவருக்கு ஒருவர் சவால் விடும் முறைதான். புதியவர்களுக்கு மறுபடி கதவு திறந்தது 1967 வாக்கில்: ஸ்பென்சர், கேரி ஓவன், ரே ரியர்டன். கதவு சாத்தியபோது ஹூலிஹனுக்கு வயது 21, திறந்தபோது கிட்டத்தட்ட 38. ஓர் ஆட்டக்காரனின் உச்சகாலம் முழுவதையும் இவ்வளவு கச்சிதமாக விழுங்கிய இடைவெளி வேறு உண்டா என்று தெரியவில்லை. திறந்தபோதும் முதலில் நுழைந்த மூவரில் அவர் இல்லை.

பழைய ஆட்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருமானம் குறைவு, கூட்டம் இல்லை, ஹால்கள் பிங்கோ கூடங்களாக மாறிக்கொண்டிருந்தன. இருக்கிற கஞ்சிக்கு இன்னும் நான்கு தட்டு வைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் கூட்டம் வரவில்லை என்று கதவைச் சாத்தியவர்கள், கூட்டத்தை இழுத்து வந்திருக்கக்கூடிய ஆளையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். 1969இல் பிபிசி வண்ணத் தொலைக்காட்சிக்கு உகந்த விளையாட்டு என்று ஸ்னூக்கரைப் பிடித்து ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சியைத் தொடங்கியதும் வந்த கூட்டத்தைப் பார்த்தால், பசி ஜனங்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

நம் ஊர்ப் பக்கம் ஒரு பார்வை. இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்தது, விதிகளை எழுதி மாட்டியது உதகமண்டலம் கிளப்பில். உறுப்பினர் அல்லாதவன் படியேற முடியாத இடம் அது. பிறந்த இடத்துப் புத்தி ஆட்டத்தை விட்டுச் சீக்கிரம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹூலிஹன் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 48 வயதில், 1978இல், தகுதிச் சுற்றுகளைத் தாண்டி ஷெஃபீல்டின் குருசிபிள் அரங்குக்கே வந்துவிட்டார். முதல் சுற்றில் கனடாக்காரர் கிளிஃப் தார்பர்னிடம் தோற்றார். வயசாகிவிட்டது, பாவம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் போட்டியில் பட்டம் வென்ற ரியர்டனுக்கு 45 வயது. அரையிறுதி வரை போன ஃபிரெட் டேவிஸுக்கு 64! ஜோவின் தம்பி, கதவுக்கு உள்ளே இருந்தவர்களில் ஒருவர். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே இருந்தவர்கள் வாழ்நாள் முழுக்க நீண்ட ஆட்டம் ஆடிப் பழகினார்கள். 1968இல் உலகப் பட்டத்துக்காகப் புல்மனும் அவருக்குச் சவால் விட்ட சார்ல்டனும் மோதியபோது 73 ஃபிரேம் ஆடினார்கள். ஹாலில் பணத்துக்கு ஆடுகிறவன் சில ஃபிரேமில் காசைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன். அரங்கின் அமைதியில் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து எதிராளி முடிக்கக் காத்திருப்பதும் ஒரு பயிற்சி. நாற்பதைத் தாண்டிய பிறகு அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்குவது சுலபமில்லை.

பெரியவரிடம் கேட்டேன்: இருபத்தைந்து வயதில் உள்ளே விட்டிருந்தால் உலக சாம்பியன் ஆகியிருப்பாரா? ஜிம்மி ஒயிட்டைப் பார்க்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார். அதே தென் லண்டன் ஹால்களில் பையனாகப் பணத்துக்கு ஆடி வளர்ந்தவர் ஒயிட். ஹூலிஹனைப் பார்த்து வியந்தவர். அதே வேகம். கதவு அகலத் திறந்திருந்த காலத்தில் வந்து, ஆறு முறை உலக இறுதிக்குப் போய் ஆறு முறையும் தோற்றார். அவர் காலத்தில் லுக்கானியா ஹால்களை பேரி ஹேர்ன் என்ற கணக்காளர் வாங்கியிருந்தார். அதன் ராம்ஃபர்டு ஹாலில் வளர்ந்த ஸ்டீவ் டேவிஸ், ஆறு முறை பட்டம் வென்றார். ஹூலிஹனுக்கு ராஜ்ஜியமாக இருந்த அதே கம்பெனி ஹால், டேவிஸுக்கு ஏணியானது. பெரியவர் பட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட வருகிறாயா என்று கேட்க ஆள் இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மேஸ்திரி கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். புதுத் துணியில் முதல் ஃபிரேம் ஆட ஒரு பையன் கியூ கோலை எடுத்துக்கொண்டு வந்தான். இருபது வயது இருக்கும். கூட ஆட ஆள் இல்லை. என்னைப் பார்த்து, சும்மா ஒரு ஆட்டம், சுவாரசியத்துக்கு இருபது பவுண்டு வைத்துக்கொள்ளலாமா என்றான். எனக்கு ஆடத் தெரியாதே என்றேன். பரவாயில்லை, நாற்பது புள்ளி ஸ்டார்ட் தருகிறேன் என்றான். பெரியவர் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே, அறுபது கேள் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கேட்டேன். பையன் ஒரு நொடி என் விரல்களைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். ஐம்பத்தைந்து என்றான்.