அம்மாவின் கை எட்டும் இடம்

டிசம்பரில் வீட்டை உடைக்காதே என்று அக்கா முன்பே சொன்னார். மழைக்காலத்தில் எதுவும் காயாது என்றார். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். அக்டோபரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அதற்குமேல் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுடையது ஈசூனில் 1980களில் கட்டப்பட்ட நான்கறை வீவக வீடு. சமையலறையும் இரண்டு குளியலறைகளும் முழுவதும் மாற வேண்டும். முதியோர் வாழும் வீவக வீடுகளில் கைப்பிடி பொருத்தவும் தரையை வழுக்காமல் செய்யவும் ‘ஈஸ்’ திட்டத்தில் மானியம் உண்டு. தரையையே பெயர்க்கப் போகிறோமே என்று எல்லாவற்றையும் ஒரே குத்தகையாளரிடம் விட்டேன். அம்மா உட்லண்ட்சில் அக்கா வீட்டுக்குப் போனார். நாங்கள் என் மாமியார் வீட்டில் தங்கினோம்.

அன்றுமுதல் தினமும் மாலையில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன். உடைந்த ஓடுகள், சிமெண்ட் மூட்டைகள், வெறும் சுவர். பார்த்ததும் அழைப்பார். “இன்னைக்கு என்னய்யா முடிஞ்சுது?”

சொல்லிக்கொள்ளும்படி எதுவும் முடியவில்லை. அதிகச் சத்தம் எழும் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. வடகிழக்குப் பருவமழையும் விட்டபாடில்லை. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு காய்வதற்கே கூடுதல் நாள் பிடித்தது. பிறகு குளியலறைத் தரையில் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ்வீட்டு மக்சிக்கின் உட்கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்தோம். இறங்கவில்லை. என்னைவிட மக்சிக்குக்குத்தான் அதிக நிம்மதி.

ஜனவரி முதல் வாரம் ஓடு பதித்தாயிற்று. அடுத்து கைப்பிடிகள். இணையத்தில் படித்து நானே அளவு வரைந்து வைத்திருந்தேன். கழிப்பறை இருக்கைக்கு வலப்பக்கம், இத்தனை உயரம். அறந்தாங்கியிலிருந்து வந்து இங்கு வேலை பார்க்கும் ஊழியர் தாளைப் பார்த்தார்.

“அம்மா எவ்வளவு உயரம் சார்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ஓட்டுல ஓட்டை போட்டுட்டா அப்புறம் மாத்துறது கஷ்டம்.”

மறுநாள் கொட்டும் மழையில் அக்கா அம்மாவை அழைத்து வந்தார். இருக்கை வரவேண்டிய இடத்தில் ஊழியர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டார். “உக்காந்து எந்திரிங்கம்மா. கை எங்கே போகுதோ அங்கேயே வைக்கலாம்.”

அம்மா இடக்கையால் சுவரைத் தடவிப் பிடித்து எழுந்தார். வலக்கை அசையவே இல்லை.

“வலது கையால பிடிங்கம்மா” என்றேன்.

அம்மா தயங்கினார். “தூக்க வரலைய்யா. விழுந்ததிலேருந்தே அப்படித்தான். சொன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிம்பே.”

இரண்டரை மாதங்கள். தினமும் பேசியிருக்கிறோம். ஓடு எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஊழியர் எதுவும் பேசாமல் இடப்பக்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நான் குறித்திருந்த உயரத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது அது.

அடுத்த நாளே அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது தோளுக்குப் பயிற்சி செய்து வருகிறார். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது.

பெற்றோருக்காக வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சுவரில் துளை போடுமுன் அவர்களை அங்கே உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் அம்மா வீடு திரும்பினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னிரவில் குளியலறை விளக்கு எரிந்தது. தண்ணீர் ஓடியது. கதவு திறந்தது. அம்மா மெதுவாகத் தம் அறைக்குப் போய்ப் படுத்தார். அதற்குப் பிறகுதான் நான் கண்ணை மூடினேன்.