பாறைக்குள் 200 மீட்டர்: வீட்டைச் சூடாக்கும் துளையும் அதைப் போடுபவர்களும்

நில வெப்பப் பம்பு என்பது வீட்டுக்கு வேண்டிய வெப்பத்தைத் தரைக்கடியிலிருந்து எடுத்துத் தரும் ஏற்பாடு. எரிமலைச் சூடோ வெந்நீர் ஊற்றோ இதற்குத் தேவையில்லை. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாது. அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். தெற்கு ஸ்வீடனில் அது 8 டிகிரி செல்சியஸ் அளவு. வெளியே மைனஸ் 15 டிகிரிக் குளிர் அடிக்கும் ஜனவரியிலும் கீழே அதே 8 டிகிரிதான். தொட்டால் சில்லிடும் அந்தப் பாறையிலிருந்து வெப்பத்தை இறைத்து, 35 டிகிரிக்கு உயர்த்தி, வீட்டின் தரைக்குள் ஓடும் குழாய்களில் விடுவதே பம்பின் வேலை.

பம்புக்குள் நடப்பது குளிர்சாதனப் பெட்டியில் நடப்பதுதான். துளைக்குள் சுற்றி வரும் திரவத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு வேதிப்பொருள் ஆவியாகிறது. கம்ப்ரசர் அழுத்தும்போது ஆவி சூடேறுகிறது; அந்தச் சூட்டை வீட்டுத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. செலவாகும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைப்பது இதனால்தான். மிச்சமெல்லாம் நிலம் தருவது. இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் ஸோலி 1912இல் காப்புரிமை பெற்றார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே ஸ்வீடன் இதை முழு மூச்சுடன் கையில் எடுத்தது. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நில வெப்பப் பம்புகள் ஓடுகின்றன.

பம்பு தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் தயாராகி வருகிறது. துளை அப்படியல்ல; ஒவ்வொரு மனையிலும் அதைப் புதிதாகப் போட்டாக வேண்டும். இந்த ஏற்பாடு நன்றாக ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் துளை போடுபவர் கையில்தான் இருக்கிறது. விற்பனைச் சிற்றேடுகள் பம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. துளை போடுபவர்களைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடைப்பதும் அரிது.

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஸ்வீடனின் துளைக்களம் அந்நியமாகத் தெரியாது. அதே காற்றுக் கம்ப்ரசர், அதே ஹேமர், ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இறக்கப்படும் ராடுகள். ரிக் மட்டும் சிறியது. வீட்டுத் தோட்டத்துக்குள் புல்தரையைக் கெடுக்காமல் ஊர்ந்து போக ரப்பர் சங்கிலித் தடம் பூட்டியிருக்கும். முதலில் மேல்மண்ணைத் தாண்டிக் கெட்டிப் பாறைக்குள் குறைந்தது 2 மீட்டர் வரை இரும்பு கேசிங் குழாய் இறங்குகிறது. மேலேயிருந்து அழுக்குநீர் உள்ளே கசியாதபடி அதன் அடிவிளிம்பை அடைக்கிறார்கள். பிறகு 115 மில்லிமீட்டர் துளைமுனையான பிட் கிரானைட்டுக்குள் நுழைகிறது. பிட்டின் முகத்தில் பதிந்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையை வெட்டுவதில்லை, அடித்து நொறுக்குகின்றன. பொடியும் தண்ணீரும் காற்றின் வேகத்தில் மேலே வந்து குழாய் வழியாக இரும்புத் தொட்டியில் விழுகின்றன.

துளைக்காரரின் திறமை தெரியும் இடம் அந்தத் தொட்டிதான். அவர் கண் அளவுமானியில் பாதியும் வெளியே வரும் சேற்றில் பாதியுமாக இருக்கும். சாம்பல் நிறப் பொடி சட்டென்று செம்மை தட்டினால் பாறை மாறிவிட்டது. ஹேமரின் சத்தம் மந்தமானால் பிட் வெடிப்பிலோ களிமண் சந்திலோ சிக்கப் போகிறது. உடனே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீர் வரத்து கூடினால் அது எந்த ஆழம் என்று அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கான 150 முதல் 200 மீட்டர் துளை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் காது அடைக்கும் சத்தம், நனைந்த கையுறை, குளிர்காலமானால் ராடில் உறையும் ஈரம். கிரானைட்டுப் பொடியில் குவார்ட்ஸ் இருப்பதால் உலர்ந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும் முகக்கவசம் அணிவதும் இந்தத் தொழிலில் உயிர் காக்கும் கட்டாயங்கள்.

துளை முடிந்ததும் 40 மில்லிமீட்டர் பாலித்தீன் குழாய் இறங்குகிறது: கீழே போக ஒன்று, மேலே வர ஒன்று, அடியில் வளைவு. வெறும் குழாய் தண்ணீரில் மிதக்கும் என்பதால் அதில் நீர் நிரப்பி, நுனியில் எடை கட்டி இறக்குகிறார்கள். தரையில் குழாய்களை இணைக்கும்போது இரு முனைகளையும் சூடான தகட்டில் வைத்து, விளிம்பு சீராக இளகிப் புரண்டதும் தகட்டை எடுத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறார்கள். ஆறும்வரை கை அசையக் கூடாது. பிறகு அழுத்தச் சோதனை. அதன்பின் உறையாமலிருக்க எத்தனால் கலந்த நீர்.

ஸ்வீடனின் கடினப் பாறையில் துளையை நிலத்தடி நீரே நிரப்பிவிடுகிறது. பாறையின் வெப்பம் அந்த நீர் வழியாகத்தான் குழாயைச் சேர்கிறது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஆழம் மட்டுமே கணக்கில் சேரும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் துளையைப் பென்டோனைட் களிமண் போன்றவற்றின் கலவையால் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்புவதே வழக்கம்.

ஆழத்தில் சிக்கனம் பார்த்தால் பாறை ஆண்டுக்காண்டு குளிர்ந்துகொண்டே போகும். திரவத்தின் வெப்பநிலை இறங்கும்; பம்பு திணறும்; துணைக்கு இருக்கும் மின்சூடேற்றி ஓடி மின்கட்டணத்தை ஏற்றும். பழைய பம்பை மாற்றி அதிகத் திறனுள்ள புதியதைப் பூட்டினாலும் இதே சிக்கல் வரலாம். புதியது மின்சாரத்தைக் குறைவாகவும் நிலத்தின் வெப்பத்தைக் கூடுதலாகவும் எடுப்பதால், நேற்றுவரை போதுமாயிருந்த துளை இன்று போதாமல் போகிறது. பக்கத்து வீட்டுத் துளையும் அதே பாறையிலிருந்துதான் வெப்பத்தை எடுக்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையே 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது ஸ்வீடனின் வழிகாட்டுதல். சிறிய மனைகளில் துளையைச் சாய்த்துப் போடுவது இதற்காகத்தான்.

கோடையில் ஸ்வீடன் வீடுகள் கம்ப்ரசரை ஓட்டாமலேயே துளையின் குளிர்ந்த திரவத்தைச் சுற்றவிட்டு அறையைக் குளிர்விக்க முடியும். கடுங்கோடையும் கடுங்குளிரும் உள்ள அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வால்வு ஒன்று பம்பின் ஓட்டத்தைத் திருப்பிவிடுகிறது. கோடையில் வீட்டின் சூடு நிலத்துக்குள் போகிறது. அங்கே ஸ்டில்வாட்டர் நகரிலுள்ள ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1987இல் உருவான பன்னாட்டு நில வெப்பப் பம்புச் சங்கம், குழாய் பதிப்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பதைத் தன் முக்கியப் பணியாகக் கொண்டது. தேவையான பணி அது.

துளை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஷ்டாவ்ஃபென் நகரமே சாட்சி. 2007இல் அந்நகர மண்டபத்துக்காக 140 மீட்டர் வரை ஏழு துளைகள் போடப்பட்டன. கீழே அன்ஹைட்ரைட் என்ற கனிமப் படிவு இருந்தது. துளைகள் வழியே நிலத்தடி நீர் அதைத் தொட்டதும் படிவு ஜிப்சமாக மாறி உப்பத் தொடங்கியது. பழைய நகரமே மேலெழும்பி, 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. நீரை இறைத்து வெளியேற்றியும் துளைகளை அடைத்தும்தான் வேகத்தைக் குறைக்க முடிந்தது.

ஸ்வீடனில் துளை போடுபவர் ஆழம், மண்ணின் தடிமன், நீர் வரத்து ஆகியவற்றை நாட்டின் நிலவியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1976 முதல் சேரும் இந்தக் கிணற்றுப் பதிவுகளை யாரும் பார்க்கலாம். பம்பின் ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். துளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நிற்கும். இப்படிச் சூடேறும் வீட்டை வாங்குபவர் பம்பின் பிராண்டைக் கேட்பதற்கு முன் துளையின் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.