சாதிப் பூனை

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலோரப் புகையிரதப் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தொடர்மாடியொன்றின் கீழ்த்தளத்தில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, ஒருநாட் காலை, மாடிப்படியின் கீழ்க் கிடந்த பழைய பெட்டியினுள் மூன்று குட்டிகளோடு படுத்திருந்த பூனையைக் கண்டாள். குட்டிகள் கண் திறந்து சில நாள்களே ஆகியிருந்தன.

“அம்மம்மா, இது என்ன சாதி?”

“பூனைச் சாதிதான், பிள்ளை. அதுகளைத் தொடாதை.”

அழுக்கென்றோ நோயென்றோ அஞ்சித் தடுக்கிறார் எனப் பேத்தி எண்ணிக்கொண்டாள். அவளது வினாவிலும் தவறில்லை. ரொறொன்ரோ வீட்டிலே அவளுக்கு ‘ராக்டோல்’ இனப் பூனையொன்று உண்டு. தூக்கினால் துணிப்பொம்மைபோலக் கைகளிலே தளர்ந்து கிடக்கும், அதனாலேயே அப்பெயர். அதன் தந்தை, பாட்டன் பெயர்களெல்லாம் எழுதிய பத்திரமும் உண்டு. பூனையின் குணம் அப்பத்திரத்திலேயே அடங்கியுள்ளது என்பது அவளது நம்பிக்கை.

ஆசிரியைக்குச் சாதி என்னும் சொல்லே சலிப்பூட்டியது. நாய், பூனை, மாடு ஆகியவற்றின் இனத்தைக் குறிக்கவும், மனிதரை மேல் கீழ் எனப் பிரிக்கவும் நம்மவர் நாவில் வழங்குவது இந்த ஒரே சொல். “சாதிக்குணம் போகுமா?” என்னும் தொடரை ஆசிரியர் ஓய்வறையிலே அவர் பலமுறை கேட்டிருக்கிறார், சொன்னவர்கள் ஒருபோதும் பூனையைப் பற்றிப் பேசவில்லை. பழந்தமிழ் நூல்கள் இவ்வகையிற் பூனையைத் தொல்லைப்படுத்தவில்லை. வெருகின் இளமைப்பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் சொல்லி அமைகிறது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையொன்றைக் கம்பர் அவையடக்கத்திலே தமக்கு உவமையாக்கினார். அது எந்தச் சாதிப் பூசை என்று இதுவரை எந்த உரையாசிரியரும் ஆராயப் புகுந்ததில்லை.

உண்மையில், பூனைச் சாதிகளுட் பெரும்பாலானவை மிக அண்மைக்காலத்தவை. 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலே ஹரிசன் வேயர் என்பவர் நடத்திய பூனைக் கண்காட்சியோடுதான் இனந்தெரிந்து வளர்க்கும் வழக்கு ஊன்றியது. நாயை மனிதர் வேட்டைக்கும் காவலுக்கும் மந்தை மேய்ப்பதற்குமெனத் தொழில்நோக்கிப் பிரித்து வளர்த்தனர். பூனைக்கு அவர் பணித்த தொழில் எலி பிடிப்பதொன்றே; அதனை அது எவரும் பணியாமலே செய்து வந்தது. ஆகவே நிறத்தையும் மயிரையும் முகவெட்டையும் பார்த்தே தெரிந்தனர். குணம் பெரும்பாலும் அவற்றின் பின்னே வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தொண்ணூறுகளில், அவுஸ்திரேலியாவிற்குப் புலம்பெயர்ந்த அயற்குடும்பம் ஒன்று தம் சியாமியப் பூனையை ஆசிரியையிடம் விட்டுச் சென்றது. அது பூனையன்று, வழக்கறிஞர். சோறு தாமதமானால் வாதிடும். கதவு சாத்தியிருந்தால் மேன்முறையீடு செய்யும். குளியலறைக்குள் நுழைந்தவர் வெளிவரும்வரை வாசலிலே நின்று விளக்கம் கேட்கும். அதன் நிறமும் விந்தையானது. சியாமியக் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கின்றன. உடலின் குளிர்ந்த பகுதிகளான காது, மூக்கு, பாதம், வால் ஆகியவற்றிலே மட்டும் பின்னர் கருமை ஏறுகிறது. குளிர்நாட்டிலே உடலும் சற்று மங்கும். கொழும்பின் வெக்கையில் இப்பூனையின் உடல் கடைசிவரை பாலேட்டின் நிறத்திலேயே இருந்தது. நிறம் பிறப்பினால் வந்ததா, ஊரினால் வந்ததா என்று கேட்டால் இரண்டினாலும் என்றே கூறவேண்டும்.

குணத்திற்கும் அவ்விடையே பொருந்தும்போலும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 5,700 இற்கு மேற்பட்ட பூனைகளின் நடத்தையை ஒப்பிட்டனர். அந்நியரைக் கண்டு மிகுதியும் கூசியது ரஷ்ய நீலம். பிரித்தானியக் குறுமயிர்ப் பூனை ஓடியாடுவதிற் பின்தங்கியது. ஆராய்ந்த சில இனங்களில், பூனைக்குப் பூனை காணப்படும் வேறுபாட்டிலே ஏறக்குறையப் பாதி பிறப்பு வழி வருவது எனக் கணித்தனர். மற்றப் பாதி எங்கிருந்து வருகிறது? அதை ஆசிரியை கொட்டாஞ்சேனையிலேயே கண்டிருந்தார்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் சிறு தெருவொன்றில் இருந்தது அவரது பிறந்த வீடு. ஒருபுறம் சாந்த லூசியா பேராலய மணியோசை, மறுபுறம் துறைமுகத்துக் கப்பல்களின் சங்கொலி. குசினியிலே மீன் வெட்டும் சத்தம் எழுந்தால், எங்கிருந்தோ மதில்மேல் நான்கு பூனைகள் தோன்றிவிடும். அவற்றுள் கபில நிறத் தாய்ப்பூனை ஒன்று விறகடுக்கின் பின்னே ஒருமுறை குட்டி போட்டது. வீட்டுப் பிள்ளைகள் அவற்றை மடியிலும் புத்தகப் பையிலும் சுமந்து திரிந்தனர். அவ்வீற்றிலே மிஞ்சியது மணியன். அடுத்த ஈற்றை அதே தாய் பக்கத்து வீட்டுக் கூரையிலே போட்டு, மூன்று மாதம் கழித்தே கீழே கொணர்ந்தது. அவ்வீற்றில் ஒரு கடுவன் குட்டி எஞ்சியது. அதற்குக் கள்ளன் என்று பெயர். தாய் ஒன்று. அத்தெருவை அக்காலத்தில் ஆண்டது ஒரே கடுவனாதலால் தந்தையும் ஒன்றாகவே இருந்திருக்கும். மணியனோ வந்தவர் காலையெல்லாம் உரசிற்று. கள்ளன் எட்டு முழத்திற்குள் எவரையும் அண்டவிட்டதில்லை.

இதற்கான விளக்கம் பின்னரே கிடைத்தது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளிலே ஐலீன் கார்ஷ் என்பவர் நடத்திய சோதனைகள், பூனைக்குட்டி மனிதக் கையைப் பழகும் காலம் பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரத்தோடு பெரும்பாலும் முடிகிறது எனக் காட்டின. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் தூக்கப்பட்ட குட்டியிலும் நாற்பது நிமிடம் தூக்கப்பட்ட குட்டி மடியிலே நெடுநேரம் தங்கியது. தந்தைக்கும் பங்குண்டு: துணிந்த கடுவனின் குட்டிகள், அதைக் கண்ணாற் காணாதபோதும், துணிவுடன் வளர்வதை 1995 இல் வெளியான சாண்ட்ரா மெக்கூனின் ஆய்வு காட்டியது. மணியனையும் கள்ளனையும் பிரித்தது அந்த ஐந்து வாரமே.

1983 யூலை 24 இரவு பொரளையிலே மூண்ட வன்செயல் மறுநாள் நகரெங்கும் பரவியது. அக்குடும்பம் உடுத்த துணியோடு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறி, முதலில் அயலவர் வீட்டிலும் பின் அகதி முகாமிலும் தங்கியது. பூனைகளை எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. சில வாரங்களின் பின் திரும்பியபோது கதவில்லை. கதிரை, புத்தகம் யாவும் முற்றத்திலே கரியாகக் கிடந்தன. மதில்மேற் கள்ளன் இருந்தது. மெலிந்திருந்தது, அன்றும் தொடவிடவில்லை. மணியனைக் காணவில்லை. எவர் வந்தாலும் ஓடிச்சென்று காலை உரசும் பழக்கம் அதற்கு. கதவை உடைத்து வந்தவர்களையும் அது அவ்வாறே எதிர்கொண்டிருக்கும்.

அதனைப் பழக்கியவர் தாமே என்பது ஆசிரியையின் மனத்திலே தைத்துவிட்டது. அதன் பின் தெருவிலே பிறந்த எந்தக் குட்டியையும் அவர் கையால் தொட்டதில்லை. சோறு வைப்பார், வைத்துவிட்டு விலகிவிடுவார்.

மாலையிலே பேத்தி தன் கைத்தொலைபேசியில் எதையோ கண்டு துள்ளி வந்தாள். மாடிப்படிப் பூனைக்கு ஒரு சாதி கிடைத்துவிட்டதாம்: ‘சிலோன் பூனை’! 1984 இல் பாவுலோ பெல்லெகாத்தா என்னும் இத்தாலியர் இத்தீவிலே கண்ட பூனைகளை இத்தாலிக்குக் கொண்டு சென்று, அவற்றிலிருந்து அவ்வினத்தை வளர்த்தெடுத்தார். ஒவ்வொரு மயிரிலும் இருளும் ஒளியும் மாறிமாறி அமைந்த பொன்மணல் மேனி, காலிலும் வாலிலும் வரிகள், நெற்றியிலே நாகபடம் போன்ற குறி. குணம்: மனிதரிடம் அன்புடையது, எளிதிற் பழகுவது. ஒழுங்கையிலே கல்லெறி வாங்கிய பூனை இத்தாலியிலே அழகுப்போட்டி மேடை ஏறிவிட்டது. அவ்வாண்டுகளிலேயே இத்தீவின் தமிழர் பலர் ஐரோப்பிய நகரங்களில் ஒரு பத்திரத்துக்காக வரிசையில் நின்றனர் என்பதை அவர் பேத்திக்குச் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடியை அணிந்து, குனிந்து பெட்டியினுள்ளே நெடுநேரம் பார்த்தார். மூன்றிலே சிறியதன் நெற்றியில் அந்தக் குறி தெளிவாக இருந்தது. கொட்டாஞ்சேனைத் தாய்ப்பூனைக்கும் அது இருந்தது. அக்காலத்தில் அதற்கு எவரும் பெயர் வைக்கவில்லை. பேத்தி புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

“கையைக் கழுவிக்கொண்டு வா” என்றார்.

சிறிய குட்டியைத் தாமே எடுத்து அவள் மடியில் வைத்தார். நாற்பது ஆண்டுகளின் பின் அவர் தூக்கிய முதற்குட்டி அது.

“மற்ற ரெண்டும், அம்மம்மா?”

“அதுகள் தெருவிலை சீவிக்கவேண்டியதுகள். விடு. இது என்னோடை உள்ளுக்கு இருக்கட்டும்.”

தாய்ப்பூனை எழுந்து வந்து, இருவரையும் ஒருமுறை பார்த்து, குட்டியைப் பிடரியிற் கவ்விப் பெட்டிக்குக் கொண்டு சென்றது. ஆசிரியை தடுக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பத்து நிமிடமே ஆகியிருந்தது.

“இருட்ட முதல் இன்னொருக்கால் எடுப்பம்” என்றார்.