வத்தலக்குண்டு பஸ்

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற முக்கு. மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் நிற்கிறார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர். கடைசிப் பொத்தான் வயிற்றுக்கு மேல் எட்டவில்லை. ஸ்கேன் கவர் ஈரமாகிவிடாமல் மாமியார் முந்தானைக்குள் இடுக்கியிருக்கிறார்.

"புள்ள தலையில தண்ணி கூடுதல்னா, மறுபடி எதுக்குத்தா இந்தக் காந்த ஸ்கேனு? புள்ளைக்கு ஆகுமா?"

"எக்ஸ்ரே மாதிரி இல்லையாம் அத்தை. மருந்தும் ஏத்த மாட்டாகளாம். சும்மா படுத்திருந்தா போதுமாம்."

"நீ படுப்ப. உள்ள இருக்கிறது படுக்குமா?"

ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருடமாகப் போராடுவது இந்தக் கேள்வியோடுதான். 1983-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ. என்ற இந்தக் காந்த ஸ்கேனை எடுத்துப் பார்த்தார்கள். அன்றைய எந்திரம் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் நேரம் கேட்டது. சிசு புரண்டால் எல்லாம் மங்கல். அதை அசையாமல் வைக்கத் தாய்க்கு மயக்க மருந்துகூடக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் ஓர் அடுக்கை ஒரு விநாடிக்குள் பிடிக்கும் முறை வந்தது. அடுக்கு தெளிவாக விழுந்தாலும், அடுத்ததற்குள் தலை திரும்பியிருக்கும். கலைந்த சீட்டுக்கட்டு போலக் கிடக்கும் அந்த அடுக்குகளைக் கணினி இன்று திருத்தி அடுக்கி, முழு மூளையாக்கிக் காட்டுகிறது.

படம் தெளிந்தால் மட்டும் போதாது; ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டும். வாரத்துக்கு வாரம் மடிப்பு கூடும் மூளை அது. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த சிசு மூளைகளின் 5,132 நுண்வெட்டுகள், செல் தெரியும் அளவுக்கு. யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நம் ஊரில் நடந்த வேலை. எனக்கு அதில் பெருமைதான்.

பஸ் வந்துவிட்டது. உட்கார இடமில்லை. பூண்டு வியாபாரி ஒருவர் எழுந்து, "இங்க உக்காரு தாயி" என்கிறார். மாமியார் கம்பியைப் பிடித்தபடி கேட்கிறார்:

"இன்னைக்கே சொல்லிருவாகளா?"

"படம் இன்னைக்கு. ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் வரணுமாம் அத்தை."

மூளையின் ஓர் அடுக்கை ஒரு விநாடிக்குள் படம் பிடிக்கும் காலத்தில், முடிவைக் கேட்க இந்த வளைவுகளில் வயிற்றோடு இன்னொரு முறை இறங்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் மையங்களில் இருப்பவர்களே, மலையிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்காவது படத்தையும் ரிப்போர்ட்டையும் அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள்.