பாரம் சுமக்கும் மூட்டு

இங்கிலாந்தில் நாம் வாழும் வீட்டின் கராஜிலே பழைய ட்ரையம்ப் ஸ்பிற்பயர் காரொன்று முன்சக்கரங்கள் இன்றிக் கிடந்தது. கொவென்றியின் கான்லி ஆலைத் தொழிலாளர் 1962 முதல் 1980 வரை உருவாக்கிய கார்வகை அது.

சக்கரத்தைத் தாங்கும் உருக்குத் தண்டின் அடிப்புரி, ‘ட்ரனியன்’ எனும் செப்புக்கலவை மூட்டினுள் திரும்புகின்றது. அதற்குக் கியர் எண்ணெய் ஊட்டுதல் வேண்டும் என்பது தயாரித்தோர் வகுத்த விதி. முன்பு வைத்திருந்தவரோ கிறீஸை அடைத்திருந்தார். நீர் புகுந்தது, புரி துருவேறியது. நாம் வாளாவிருந்திருப்பின், அருகில் எம் மகள் அமர்ந்திருக்கையில் தண்டு முறிந்து சக்கரம் மடிந்திருக்கலாம்.

சுருள்வில்லை அமுக்கிப் பிடித்து அகற்றினோம், தண்டையும் மூட்டையும் புதிதாக இட்டோம், எண்ணெய் ஊட்டினோம். காரின் மேற்பூச்சு மட்டும் முன்னரே பளபளத்தது. மினுக்கத்துக்குப் பொருளை இறைத்து, கீழே நின்று பாரம் சுமப்பதை மறப்பது கார்களுக்கு மட்டும் நேர்ந்த குறைதானா?