விலைக்குப் போன பட்டினம்

குன்னம் பக்கத்து மக்களுக்குக் கடல் பழைய உறவு என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். எமது பிரதேசம் வறண்ட மேட்டு நிலம். வானத்தை நம்பிப் பருத்தி விதைக்கும் பூமி. ஆயினும் ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலை வீசிற்று என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. ஓடைக் கரைகளில் கல்லாய்ச் சமைந்த சங்கும் சிப்பியும் இன்றும் அகப்படுகின்றன. எம்மை விட்டு விலகிப் போன அக்கடலைக் காண விரும்புவோர், அரியலூர், ஜயங்கொண்டம் வழியாகச் சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, மயிலாடுதுறைக்குக் கிழக்கே தரங்கம்பாடி வரை பிரயாணம் செய்ய வேண்டும்.

அங்குள்ள கடற்காற்றில் ஓசோன் மிகுதி என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை நாம் அளந்து பார்க்கவில்லை. காற்று சுகமாயிருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி சொல்வோம். 1792-ல் எழுந்த வெண்ணிற நகர வாயிலைக் கடந்தால், நேர் வீதியும், அதன் இரு புறமும் தூண் வைத்த வீடுகளும், 1701-ல் கட்டிய சீயோன் கோயிலும், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் கோயிலும் காணலாம். வீதியின் முடிவில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேனிஷ்காரரின் டான்ஸ்போர்க் கோட்டை.

வருவோர் அனைவரும் அந்தக் கோட்டையையே புகழ்கிறார்கள். ஆனால் ஊருக்கு அதனினும் பழைய சரித்திரம் உண்டு. கரையிலுள்ள மாசிலாமணிநாதர் ஆலயம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டு இவ்வூரைக் குறிக்கிறது. 1618-ல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஓவே கெட்டே என்ற இளம் தளபதி, இலங்கையில் காரியம் பலிக்காமல் இக்கரைக்கு வந்தார். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் வியாபாரத்துக்கும் கோட்டைக்கும் அனுமதி தந்தார். அவர் டேனிஷ் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய ஓலை இன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. வந்தவர்கள் வாளால் வென்ற நிலமன்று இது. நம்மவர் இணங்கிக் கொடுத்த இடம்.

கோட்டையில் எமக்கு மிகவும் நினைவில் நின்றது பீரங்கியன்று. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியாரை அந்தக் கோட்டை அதிகாரியே இங்கே சுமார் நான்கு மாதம் சிறை வைத்தான். மன்னர் அனுப்பிய பாதிரியாரை மன்னரின் உத்தியோகஸ்தனே அடைத்த விநோதம் அது! வெளியே வந்தவர் தமிழை விடவில்லை. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை பெரிதாயிருந்து காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கென்று பொறையாற்றுக்கு அருகே ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப் பெயர் அதற்குச் சாட்சி. தமிழ் அச்சு 1578-லேயே கொல்லத்தில் பிறந்துவிட்டதாயினும், அது நிலைத்து வளர்ந்த தொட்டில்களில் இது தலையாயது. பாதிரியாரின் நோக்கம் மதம் பரப்புவதே. அதை மறைப்பானேன்? ஆனாலும் பலகையும் புத்தகமுமாய்க் காலந் தள்ளும் எம்மைப் போன்றோர் அங்கே சற்று நின்றுதான் நகர வேண்டும்.

1845-ல் நடந்ததுதான் நெஞ்சை உறுத்துவது. வியாபாரம் நலிந்து போகவே டேனிஷ் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லக்ஷம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கோட்டை, வீதி, கிடங்கு இவற்றோடு குடிகளும் கை மாறினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவரையோ, நெசவாளரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன் ஏட்டில் தொடங்கிய சம்பந்தம் விலைப் பத்திரத்தில் முடிந்தது. பிறகு 1861-ல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வர, துறைமுக வாணிபம் அந்தப் பக்கம் போயிற்று. தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்த கிளை இரயிலும் 1986-ல் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான் கதி.

ஊரை விலை பேசாமலே எடுத்துக்கொள்வது கடல் ஒன்றுதான். மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முன்பகுதி அலையில் போயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது மீனவர் குடியிருப்புகள் அழிந்து, பல குடும்பங்கள் தம்மவரைப் பறிகொடுத்தன. இன்று கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி அரண் செய்திருக்கிறார்கள். மாலையில் வெளியூரார் அக்கற்கள் மீது அமர்ந்து கோட்டையின் பக்கம் முகம் திருப்பிப் படம் பிடிக்கிறார்கள். மீனவப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, படகு வருகிறதா என்று மறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.